கொல்லைக் கதவும் இரண்டு பழைய போன்களும்

திருச்சிப் புறநகரில் புதிதாக உருவான குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான் விஷயம்: கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். வீட்டில் இவரும், 72 வயது அத்தையும், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். தனி வீடு. முன்னால் கிரில் கேட், பின்னால் துணி துவைக்கும் கல், குட்டைச் சுவர், அதைத் தாண்டி முள் மண்டிய காலி மனை. இவர் வேலைக்குப் போன பிறகு மாலை ஐந்தரை வரை அத்தை மட்டுமே வீட்டில். போன மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் நகை திருட்டுப் போயிருக்கிறது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

நான்கு கேமரா பொருத்த 28,000 ரூபாய் கேட்டார்களாம். இவரால் இப்போது 3,000 வரைதான் முடியும். வீட்டில் சும்மா கிடப்பவை இரண்டு பழைய ஆண்ட்ராய்டு போன்கள், ஒரு பழைய லேப்டாப். ஃபைபர் இன்டர்நெட்டும் இன்வெர்ட்டரும் உண்டு. கேள்விகள் நான்கு. பழைய போன்களையும் லேப்டாப்பையும் கேமராவாக்கலாமா? அதில் ஒன்றை ஹாலில் மறைத்து வைத்து, வேலைக்கு வரும் அக்காவைக் கவனிக்கலாமா? தம்பி சொல்வதுபோல் பின்சுவரில் கம்பி கட்டி இரவில் கரண்ட் கொடுக்கலாமா? கடைசியாக, “கேமரா மட்டும் வந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா சார்?”

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கேமரா வந்தவனைப் பார்க்கும், பார்த்ததை உங்களிடம் சொல்லும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு வருகிறவனுக்குக் கேமரா பெரிய தடையும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, போகிறபோக்கில் நீங்கள் சொல்லிப்போன ஒரு வரி: “பின்கதவுத் தாழ்ப்பாள் கொஞ்சம் ஆடும், இழுத்துப் போட்டால் விழுந்துவிடும்.” உங்கள் 3,000 ரூபாயில் முதல் ஆயிரம் அங்கேதான் போக வேண்டும்.

முதலில் கொல்லைக் கதவு

முன்கதவுக்கு நல்ல மரம், மறைபூட்டு, கிரில் என்று எல்லாம் செய்துவிட்டு, பின்கதவுக்கு இலேசான பிளஷ் கதவும் ஆறு அங்குலத் தாழ்ப்பாளும் போட்டு முடிப்பது நம் ஊர் வழக்கம். உடைக்க வருகிறவன் தெருவைப் பார்த்த கதவில் கை வைக்க மாட்டான். காலி மனைப் பக்கம் போவான். கடப்பாரையைச் சந்தில் நுழைத்து நெம்பினால் கதவு உடைவதில்லை. தாழ்ப்பாளையும் நாதாங்கியையும் பிடித்திருக்கும் அரை அங்குல ஸ்க்ரூக்கள்தான் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகின்றன. உங்கள் தாழ்ப்பாள் ஆடுவதற்கும் காரணம் அதே ஸ்க்ரூதான்.

நிலைப் பக்கம் இருக்கும் நாதாங்கியைக் கழற்றுங்கள். பழைய துளைகளில் மரக்குச்சியைப் பசை தடவி அடித்து இறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, இரண்டரை அங்குல ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். அது நிலை மரத்தில் ஆழமாக இறங்கிப் பிடிக்கும். கதவுப் பக்கம் அவ்வளவு நீளம் போட முடியாது, மறுபக்கம் வந்துவிடும். அங்கே தாழ்ப்பாளுக்கு ஸ்க்ரூவுக்குப் பதிலாக, கதவை ஊடுருவி உள்ளே நட் போடும் உருண்டைத் தலைப் போல்ட் நான்கு போதும். வெளிப்பக்கம் வழுவழுவென்ற தலை மட்டுமே தெரியும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காது.

அடுத்து குறுக்குக் கம்பி. கதவு உள்பக்கமாகத் திறப்பதாக இருந்தால், ஒரு அங்குல ஜி.ஐ. பைப் நான்கடி வாங்கி, இரண்டு பக்கச் சுவரிலும் ‘ப’ வடிவக் கொக்கி அடித்து, இரவில் அதில் பைப்பை உட்கார வையுங்கள். வெல்டிங் பட்டறையில் சொன்னால் கொக்கியைச் செய்து தருவார்கள். கொக்கிக்கு 10 மி.மீ. ஆங்கர் போல்ட் போதும். ஆனால் சுவர் ஓரத்திலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளித் துளை போட வேண்டும். ஓரத்தில் போட்டால் செங்கல் விண்டு, நெம்பும்போது கொக்கியோடு கையில் வந்துவிடும். பைப் மூன்று கிலோவுக்குள்தான் இருக்கும். அத்தையால் அதைத் தூக்கி எடுக்க முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அடுப்படியில் தீ பிடித்தால் அவர் வெளியேறும் வழி அதுவாகக்கூட இருக்கலாம். இதே காரணத்தால்தான் உள்பக்கம் பூட்டுப் போட்டுச் சாவியை ஒளித்து வைக்க வேண்டாம் என்கிறேன்.

கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் கம்பி பயன்படாது. கீல் வெளியே இருக்கும், அதன் ஊசியைத் தட்டி எடுத்தால் கதவு கழன்றுவிடும். இதற்குத் தச்சர்கள் செய்யும் எளிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு கீலிலும் எதிரெதிரே உள்ள ஒரு ஜோடி ஸ்க்ரூவைக் கழற்றி, நிலைப் பக்கத் துளையில் ஒரு தடித்த ஆணியை அடித்து, ஒரு செ.மீ. வெளியே நிற்கும்படி தலையை வெட்டிவிடுவார்கள். கதவை மூடும்போது அது எதிர்த் துளைக்குள் போய் உட்காரும். அதற்குப் பிறகு ஊசியை எடுத்தாலும் கதவு அசையாது.

கையோடு பாத்ரூம் வென்டிலேட்டரையும் பாருங்கள். கண்ணாடிப் பட்டைகள் சட்டத்தில் சொருகியிருந்தால் வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிவிடலாம். உள்பக்கம் ஒரு சின்ன கிரில் போடும்வரை, பட்டையின் இரண்டு ஓரத்திலும் சிலிக்கான் பசை வையுங்கள். மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாளுக்கும் இதே இரண்டரை அங்குல வைத்தியம்தான்.

சாவியை மீட்டர் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மீட்டர் பெட்டி, செருப்பு ஸ்டாண்டு, துளசி மாடம், பூந்தொட்டி என்று எல்லா வீட்டிலும் அந்த நான்கு இடங்கள்தான். தேடுகிறவனுக்கு ஒரு நிமிட வேலை. மகளிடம் ஒரு சாவி, எதிர்வீட்டில் ஒரு சாவி என்று இன்றே மாற்றிவிடுங்கள்.

போனைக் கேமராவாக்குவது

செய்யலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் போனை எடுத்ததும் முதலில் ஒரு சோதனை. கண்ணாடி மேசைமேல் போனை ஒருமுறை குப்புறவும் ஒருமுறை மல்லாந்தும் வைத்து மெல்லச் சுண்டிவிடுங்கள். பம்பரம்போல் தன் மையத்திலேயே சுற்றினாலோ, மூடி நடுவில் தூக்கிக்கொண்டிருந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த போன் வேண்டாம். சார்ஜும் போடாதீர்கள், மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள். ஜன்னலோரத்தில் இரவு பகலாகச் சார்ஜில் கிடக்கப்போகும் பொருள் இது.

நல்ல பேட்டரியாக இருந்தாலும், சூட்டில் எப்போதும் 100 சதவீதத்திலேயே நின்றால் அதுவும் ஒருநாள் உப்பும். போனில் 80 அல்லது 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பழைய மாடல்களில் இருக்காது. அப்போது பிளக்கில் சொருகும் டைமர் ஒன்று வாங்கி, ஒரு மணி நேரம் சார்ஜ், ஒரு மணி நேரம் ஓய்வு என்று வையுங்கள். பல் சக்கர டைமரில் கரண்ட் போனால் நேரம் தள்ளிப்போகும் என்பார்கள். மாறி மாறி ஓடும் இந்த முறையில் அது தள்ளிப்போனாலும் ஒன்றும் கெடாது. பின்கவரைக் கழற்றிவிடுங்கள், மேற்கு வெயில் படும் ஜன்னல் வேண்டாம். ஒரு போனுக்கு 5 வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டுக்கும் சேர்த்து மாதம் சுமார் 7 யூனிட்தான். லேப்டாப்போ 40 வாட் இழுத்தால் மாதம் 29 யூனிட் ஆகிவிடும், சூடும் அதிகம். அதை விட்டுவிடலாம்.

போனில் இருப்பதையெல்லாம் அழித்து, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மை எடுத்துவிட்டு, இதற்கென்றே ஒரு புது கூகுள் கணக்கைப் போடுங்கள். பேங்க் விவரமும் குடும்பப் படங்களும் உள்ள கணக்கு அதில் இருக்கக் கூடாது, திருடன் முதலில் எடுப்பது அந்த போனாகவே இருக்கலாம். பிறகு ஆல்ஃபிரட் போன்ற ஒரு செயலியைப் பழைய போனில் ‘கேமரா’ என்றும், உங்கள் போனிலும் கணவர் போனிலும் ‘பார்ப்பவர்’ என்றும் அமையுங்கள். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், படத்தின் துல்லியமும் குறைவு. உங்கள் தேவைக்குப் போதும். அசைவு தெரிந்தால் சிறு பதிவு இணையத்துக்கு ஏறிவிடுவதால், போனையே தூக்கிக்கொண்டு போனாலும் அதுவரை எடுத்தது உங்கள் கையில் இருக்கும்.

இரண்டாம் நாளே கேமரா நின்றுபோயிற்று என்று பலரும் கைவிடுவது ஒரு அமைப்பை மறப்பதால்தான். ஆண்ட்ராய்டு, பின்னணியில் ஓடும் செயலிகளைப் பேட்டரி மிச்சம் பிடிப்பதற்காக நிறுத்திவிடும். அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குப் போய், இந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆவதையும் நிறுத்துங்கள்.

யூடியூப் பார்த்து “ரவுட்டரில் போர்ட் திறந்து நேரடியாகப் பார்க்கலாம்” என்று யாராவது ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். அப்படித் திறந்த வாசல் உலகத்துக்கே திறந்த வாசல், தேடிக்கொண்டே இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ரவுட்டரோடு வந்த ‘அட்மின்’ கடவுச்சொல்லை மாற்றுங்கள். பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றிருக்கும் என்பதால் அதை, விருந்தினருக்கென ரவுட்டரில் தனியாக அமைக்கும் ‘கெஸ்ட்’ வைஃபையில் இணையுங்கள். கேமராக் கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரண்டடுக்கு உள்நுழைவு போடுங்கள்.

ஒன்றை ஹால் ஜன்னலில் கேட்டையும் வராந்தாவையும் பார்த்தபடி, மற்றதை அடுப்படி ஜன்னலில் கொல்லையைப் பார்த்தபடி வையுங்கள். உயரம் ஐந்தடி. மேலே வைத்தால் நிறையத் தெரியும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எட்டடி உயரத்திலிருந்து கிடைப்பது உச்சந்தலை, ஐந்தடியிலிருந்து கிடைப்பது முகம். காரில் கண்ணாடியில் ஒட்டும் மொபைல் ஹோல்டர் இருந்தால் போனின் முதுகு வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். வெயிலில் அதன் உறிஞ்சி கழன்று விழும் என்பதால் கேபிள் டையால் கம்பியோடு ஒரு கட்டும் போடுங்கள். அடுப்படியில் புள்ளிக் கண்ணாடி என்றால் அதன் வழியே எதுவும் தெரியாது, அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் தெளிந்த கண்ணாடி மாற்ற வேண்டும். கொசுவலை இருந்தால் லென்ஸை வலையோடு ஒட்ட வையுங்கள். அரையடி தள்ளி வைத்தால் கேமரா வலையைத்தான் படம் பிடிக்கும்.

முதல் வாரம் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். பூனை, அசையும் வாழை இலை, வெளிச்சத்துக்கு வரும் பூச்சி, கண்ணாடியில் ஊரும் பல்லி. எரிச்சலில் அறிவிப்பையே நிறுத்திவிடாதீர்கள். போனைச் சற்றுக் கீழே சாய்த்து மரத்தைப் படத்திலிருந்து வெளியேற்றுங்கள், உணர்திறனை ஒரு படி குறையுங்கள்.

இரவும் கரண்ட் கட்டும்

சாதாரண போன் கேமராவால் இருட்டில் பார்க்க முடியாது. கடையில் விற்கும் கேமராக்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு இருக்கும், போனில் இல்லை. செயலியில் உள்ள ‘நைட் மோட்’ இருக்கிற வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர, இல்லாததை உண்டாக்காது. அதனால் வெளியே விளக்கு வேண்டும். இருட்டினால் தானாக எரிந்து விடிந்தால் அணையும் சென்சார் உள்ள 9 வாட் எல்.இ.டி. பல்பு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் இரவு முழுக்க எரிந்தாலும் மாதம் ஆறரை யூனிட்தான். அந்த பல்பை மூடிய கண்ணாடிக் குமிழுக்குள் போட்டால், தன் வெளிச்சத்தையே விடிந்ததாக எடுத்துக்கொண்டு மினுக்கிக்கொண்டிருக்கும். திறந்த ஹோல்டரில் போடுங்கள். பல்பு கேமராவுக்கு நேரே தெரியக் கூடாது, அதன் தலைக்கு மேலோ பின்னாலோ இருக்க வேண்டும். ஜன்னலுக்குள்ளே விளக்கு எரிந்தால் கண்ணாடியில் உங்கள் ஹால்தான் தெரியும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருப்பதால் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனில் விளக்கும் ஃபேனும் மட்டுமே இருக்கும். ரவுட்டர் இருப்பது டி.வி. பாயின்டில், அது நேர் லைன். கரண்ட் போனால் விளக்கு எரியும், கேமரா கண்ணை மூடிவிடும். பகலில் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, உங்கள் போனில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், வெளிவிளக்கு எல்லாம் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபாருங்கள். ஃபைபர் பெட்டி தனியாகவும் ரவுட்டர் தனியாகவும் இருந்தால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும்.

கம்பியில் கரண்ட், ஹாலில் மறைகேமரா

தம்பி உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இதைச் செய்யவே கூடாது. வீட்டு லைனின் 230 வோல்ட்டைக் கம்பியில் விட்டால், அதில் சாவது பந்து எடுக்கச் சுவர் ஏறிய பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், மழை நாளில் துணி காயப்போடும் அத்தையாக இருக்கலாம். காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலியில் மனிதர்கள் செத்த செய்தியை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். செத்தது திருடனாகவே இருந்தாலும் தற்காப்பு என்று சட்டம் ஏற்காது. யார் வந்தாலும் கொல்லும் பொறி அது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 105, 106ஆம் பிரிவுகளில் வழக்கு வரும். கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கொண்டாலே ஐந்து ஆண்டுகள் வரை சிறை. சுவருக்கு முள்கம்பியும், ஓரத்தில் நெருக்கமாக வைத்த காகிதப்பூச் செடியும் போதும்.

ஹாலில் கேமரா வைப்பது உங்கள் உரிமை. மறைத்து வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். வேலைக்கு வரும் அக்காவிடம், “அத்தை தனியா இருக்காங்க, அதுக்காக ஹால்ல கேமரா வச்சிருக்கோம்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அத்தைக்கும் மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாத்ரூம், உடை மாற்றும் அறை, அவர் ஓய்வெடுக்கும் இடம் ஆகியவை படத்தில் ஒரு ஓரமாகக்கூட வரக் கூடாது. ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படம் பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பெண்ணை அப்படிப் படம் பிடித்தால் நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவும் சேரும். அடுப்படி ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டுக் கிணற்றடி தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பக்கத்தை மறைக்கும்படி லென்ஸ் ஓரத்தில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, அவர்களைக் கூப்பிட்டு ஒருமுறை திரையைக் காட்டிவிடுங்கள். அவசரத்துக்கு முதலில் ஓடி வரப்போகிறவர்களும் அவர்கள்தானே.

ஏதாவது நடந்து பதிவு கையில் கிடைத்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அது சுருங்கி, நேர விவரங்களை இழந்துவிடும். செயலியிலிருந்து மூலப் பதிவை இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள், பழைய போனையும் அழிக்காமல் வையுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும், அதற்கு மூலம் வேண்டும். நகைகளையும் இப்போதே ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, ஹால்மார்க்கோடு பொறித்த, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீட்டையும் ரசீதையும் சேர்த்து வைத்துவிட்டு, தினம் போடாததை லாக்கருக்கு அனுப்புங்கள்.

யார் எழுந்து வருவார்கள்?

இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வருகிறது. உங்கள் போன் சைலண்டில் இருக்கிறது. இதுவரை செய்த எல்லாமே இந்த இடத்தில் நின்றுபோகும். படுக்கும்போது ‘தொந்தரவு செய்யாதே’ போடுகிற பழக்கம் இருந்தால், இந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். கத்தார் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, இங்கே இரண்டு என்றால் அங்கே பதினொன்றரை. அதுவரை முதல் பார்வை கணவருடையதாக இருக்கட்டும். ஆனால் அவர் அங்கிருந்து அவசர எண் 112 அழைத்தால் நம் ஊர்க் காவல்துறைக்கு வராது. உங்கள் சரகக் காவல் நிலையத்தின் எண்ணை +91 போட்டு அவர் போனில் பதிந்து கொடுங்கள். எதிர்வீடு, பக்கத்து வீடு எண்களும் அவரிடம் இருக்கட்டும்.

வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் தேதியோடு எழுதிக் கொடுத்தால் ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். முன்கதவில் பெரிய பூட்டைத் தொங்கவிடாதீர்கள், மறைபூட்டு போதும். பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்திவிடுங்கள். கேட்டில் சொருகும் விளம்பரத் தாள்களை எடுத்துவிடவும், வாசலில் தண்ணீர் தெளித்து இரண்டு இழை கோலம் போட்டுவிடவும் எதிர்வீட்டில் சொல்லுங்கள். மூன்று நாள் கோலம் இல்லாத வாசல், நம் ஊரில் எவனுக்கும் புரியும்.

அத்தை வைத்திருப்பது பட்டன் போன் என்றீர்கள், அதுவே நல்லது. 2ஆம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எதிர்வீடு, 3ஐ அழுத்திப் பிடித்தால் நீங்கள் என்று வைத்துக் கொடுங்கள். பகலில் யார் மணி அடித்தாலும், கேஸ்காரர் என்றாலும் கணக்கெடுப்பு என்றாலும், கிரில்லைத் திறக்காமலே பேச வேண்டும். இரவில் சத்தம் கேட்டால் யார் என்று பார்க்க அவர் எழுந்து போக வேண்டாம். மகளையும் கூட்டிக்கொண்டு படுக்கை அறைக்குள் போய், உள்தாழ்ப்பாள் போட்டு, 2ஐ அழுத்த வேண்டும். அந்த அறைத் தாழ்ப்பாளுக்கும் நீள ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். அத்தையின் சார்ஜர் இப்போது ஹாலில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கழற்றி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடியே கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். இன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு, அந்த போனைத் தடவி எடுத்து 2ஐ அழுத்த அவரால் முடிகிறதா என்று ஒருமுறை செய்து பாருங்கள்.